730 நாள் நிறையாமல் கனடா திரும்புகிறீர்களா? பிஆர் உள்ளவர்கள் செய்ய வேண்டியவை

கனடாவில் பிஆர், அதாவது நிரந்தரமாகக் குடியிருக்கும் உரிமை, வாங்கியவர்கள் எந்த ஐந்து ஆண்டை எடுத்துக்கொண்டாலும் குறைந்தது 730 நாள் அங்கே இருந்திருக்க வேண்டும். அப்பா அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஊருக்கு வந்து, அப்படியே மூன்று நான்கு வருடம் ஓடிப்போனவர்கள் பலர் ‘நம்ம பிஆர் போய்விட்டது’ என்று தாங்களாகவே முடிவுகட்டி விடுகிறார்கள். நாள் குறைந்ததாலோ கார்டு காலாவதியானதாலோ பிஆர் தானாகப் போய்விடாது. அதிகாரி முறைப்படி முடிவெடுத்து, மேல்முறையீட்டு வாய்ப்பும் முடிந்த பிறகுதான் போகும். அதனால் பயப்படாமல் வரிசையாகப் பார்ப்போம்.

1. நாட்களை எண்ணுங்கள்

பாஸ்போர்ட் முத்திரைகளையும் பழைய டிக்கெட்டுகளையும் எடுத்து வையுங்கள். 2025 ஜூன் 15 அன்று டொரன்டோவில் இறங்கியவருக்கு அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுதான் கணக்கு. போன நாள், வந்த நாள் இரண்டும் முழு நாளாகச் சேரும். பிஆர் கிடைத்தே ஐந்து ஆண்டு ஆகவில்லையா? அப்படியானால் மீதமுள்ள காலத்தில் 730ஐ எட்ட முடியுமா என்று மட்டும் பாருங்கள். முடியும் என்றால் சிக்கலே இல்லை.

கனடியக் குடியுரிமை உள்ள கணவன் அல்லது மனைவியோடு வெளிநாட்டில் சேர்ந்து வாழ்ந்த நாட்களும் கணக்கில் வரும். கனடிய நிறுவனம் முழுநேர வேலைக்காக வெளியே அனுப்பிய நாட்களும் அப்படித்தான்.

2. எப்படிப் போவது

விமானம் ஏறச் செல்லுபடியாகும் பிஆர் கார்டு வேண்டும். அது இல்லையென்றால் பிஆர் பயண ஆவணத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதை முடிவு செய்யும்போதே 730 நாளையும் சரிபார்த்துவிடுவார்கள். மறுத்தால் 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். அமெரிக்க விசா இருப்பவர்கள் அங்கே போய், சொந்த வாகனத்தில் தரைவழி எல்லைக்கு வரலாம். பஸ், ரயில் என்றால் கார்டு கேட்பார்கள்.

3. காரணத்துக்கு ஆதாரம் சேருங்கள்

அதிக நேரம் செலவிட வேண்டியது இதற்குத்தான். நாள் குறைந்தாலும் மனிதாபிமானக் காரணங்களைப் பார்க்கச் சட்டம் இடம் தருகிறது. எத்தனை நாள் குறைகிறது, ஏன் போனீர்கள், திரும்ப முடிந்தவுடன் திரும்பினீர்களா, கனடாவில் உங்களுக்கு யார் இருக்கிறார்கள், பிள்ளைகள் பாதிக்கப்படுவார்களா என்றெல்லாம் பார்ப்பார்கள். மருத்துவமனைச் சான்றுகள், இறப்புச் சான்றிதழ், கனடாவில் வரி கட்டிய தாள்கள், வேலை உறுதிக் கடிதம் எல்லாவற்றையும் கைப்பையிலேயே வையுங்கள். தமிழில் உள்ளவற்றுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும்.

4. எல்லை அதிகாரி முன்னால்

கேட்டதற்கு உண்மையைச் சொல்லுங்கள். எத்தனை நாள் வெளியே இருந்தீர்கள் என்பதில் பொய் சொன்னால், நாள் குறைவைவிடப் பெரிய குற்றச்சாட்டு வந்து சேரும். அதற்கு ஐந்து ஆண்டுத் தடைகூட உண்டு. அதிகாரி அப்படியே விடலாம், எச்சரிக்கலாம், அல்லது நாள் குறைவு பற்றி அறிக்கை எழுதலாம். அறிக்கையைத் தொடர்ந்து வெளியேறும்படி உத்தரவு வந்தாலும் அன்றே திருப்பி அனுப்ப மாட்டார்கள். பிஆரை நீங்களே விட்டுக்கொடுக்கும் படிவத்தை யாராவது நீட்டினால், களைப்பில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

5. உத்தரவு வந்தால்

30 நாளுக்குள் குடிவரவு மேல்முறையீட்டுப் பிரிவில் விண்ணப்பியுங்கள். அது முடியும்வரை நீங்கள் பிஆர்தான். வேலை பார்க்கலாம், படிக்கலாம். இந்தக் கட்டத்தில் குடிவரவு வழக்கறிஞரையோ உரிமம் பெற்ற ஆலோசகரையோ கட்டாயம் பாருங்கள். தெரிந்தவர் ஒருவர் படிவம் நிரப்பித் தருகிறார் என்று போகாதீர்கள்.

6. அறிக்கை இல்லாமல் உள்ளே விட்டுவிட்டால்

நாட்டைவிட்டு வெளியே போகாமல் இருங்கள். கடந்த ஐந்து ஆண்டில் 730 நாள் சேரும்வரை கார்டைப் புதுப்பிக்கவோ குடும்பத்தாரை ஸ்பான்சர் செய்யவோ அவசரப்பட வேண்டாம். அந்த விண்ணப்பமே உங்கள் நாள் கணக்கை மறுபடி அவர்கள் மேசைக்குக் கொண்டுபோய்விடும். கணக்கு நிறைந்ததும் புதுக் கார்டுக்கு விண்ணப்பித்துவிட்டு, அது கைக்கு வந்த பிறகு ஊருக்கு டிக்கெட் போடுங்கள்.