மலையில் ஸ்டூடியோவைக் காலி செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோத்தகிரிப் பக்கம் வாடகை வீட்டில் இருந்து வரையும் இளையவர்கள் இடம் மாறும்போது உதவிக்கு என்னையும் கூப்பிடுவார்கள். போய்ப் பார்த்தால், எங்கள் தலைமுறை செய்து நொந்த அதே காரியங்களை இவர்களும் முதல் நாளிலேயே செய்து முடித்திருப்பார்கள். தூரிகையைக் கழுவி வை, வண்ணக் குழாயின் மூடியை இறுக்கு என்பதெல்லாம் யாரும் சொல்லாமலே தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன். நான் சொல்ல வருவது அலமாரியின் அடித்தட்டிலிருந்து வெளிவரும் பழைய பொருள்களைப் பற்றி: கல்லூரிக் கால நோட்டு, ஆசிரியர் எழுதிய கடிதம், முதல் குழுக் கண்காட்சியின் அழைப்பிதழ், மேட்டுப்பாளையம் ரயிலின் அட்டை டிக்கெட். விற்பனைக்குப் போகும் ஓவியத்தைப் பார்த்துப் பார்த்துக் கட்டுகிறவர்கள் இவற்றைக் கிடைத்த இடத்தில் திணிக்கிறார்கள். ஓர் ஓவியம் போனால் இன்னொன்று வரையலாம். ஆசிரியர் மறைந்த பிறகு அவரிடமிருந்து இன்னொரு கடிதம் வராது.

ஈரத்தோடு பாலிதீனில் கட்டுவது

மழைக்குப் பயந்து எல்லாவற்றையும் பாலிதீன் உறையில் போட்டு, வாயை ஒட்டி, தகரப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். “சொட்டுத் தண்ணீர்கூட உள்ளே போகாது அக்கா” என்று எனக்குத் தைரியம் வேறு சொல்கிறார்கள். உள்ளே போகாது, சரி. ஏற்கெனவே உள்ளே இருப்பது எந்த வழியாக வெளியே வரும்?

தாள் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஊட்டியின் மேற்குப் பக்கத்திலும் கூடலூரிலும் ஜூன் மாதமே மழை இறங்கிவிடும். கோத்தகிரி, குன்னூர் சரிவுகளுக்கும் கொடைக்கானலுக்கும் அக்டோபர், நவம்பரில்தான் கனமழை. மழை இல்லாத நாளிலும் மூடுபனி ஜன்னல் வழியாக அறைக்குள் வந்து உட்கார்ந்துவிடும். இந்த மாதங்களில் கையில் எடுக்கும் தாள் காய்ந்ததுபோலத்தான் தெரியும். ஈரம் நாருக்குள் இருக்கும். அதை அடைத்து வைத்தால் பகல் சூட்டில் ஈரம் தாளிலிருந்து வெளியேறும். இரவுக் குளிரில் உறையின் உட்புறத்தில் நீர்த்துளிகளாகப் படிந்து மறுபடி தாளிலேயே இறங்கும். உறைக்குள் ஈரப்பதம் 65, 70 விழுக்காட்டைத் தாண்டி அப்படியே நின்றுவிட்டால் பூஞ்சை பிடிக்க அது போதும். அதற்குத் தீனிக்கும் பஞ்சமில்லை. வாட்டர்கலர் தாளில் ஏற்றியிருக்கும் ஜெலட்டின், வண்ணத்தில் கலந்திருக்கும் வேலம்பிசின், நோட்டு ஒட்டிய மைதாப் பசை எல்லாமே அதற்கு உணவுதான்.

ஓர் ஆகஸ்டில் நடந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை. வீட்டைக் காலி செய்த ஒரு பெண், தன் பாட்டியைக் கரியில் வரைந்த படங்களைக் கட்டிக்கொண்டிருந்தாள். கல்லூரியில் படித்த நாளில் வரைந்தவை. தாளின் ஓரத்து வெற்றிடத்தில் அவளுடைய ஆசிரியர் தன் கையாலேயே தாடையைத் திருத்தி வரைந்து, கீழே இரண்டு வரி எழுதியிருந்தார். பாட்டியும் இல்லை, ஆசிரியரும் இல்லை. “இரண்டு வாரம் என் வீட்டில் விரித்து வைக்கிறேன், பிறகு எடுத்துப் போ” என்றேன். லாரி வந்து நிற்கிறது என்று பாலிதீனில் சுருட்டிவிட்டாள். பொங்கல் கழிந்து பெட்டியைத் திறந்தபோது பாட்டியின் முகம் முழுவதும் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது.

பென்சில் கோட்டின் மேல் பூஞ்சை படர்ந்தால், நன்றாகக் காய வைத்து மென்மையான தூரிகையால் தட்டி எடுக்கலாம். கரிப் படத்தில் அது முடியாது. தூரிகை பூஞ்சையோடு கரியையும் கொண்டுபோய்விடும். அவள் ஈரத் துணியால் ஒற்றிப் பார்த்தாள். பூஞ்சை தாளுக்குள் இன்னும் ஆழமாகத் தேய்ந்து இறங்கியது. பாலிதீனில் அடைப்பதைப் பத்திரம் என்று சொல்லிக்கொடுத்தவர்கள் மீது எனக்கு வரும் கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

முடிந்தால் பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் தொடக்கத்துக்குள் காலி செய்யுங்கள். வீட்டுக்காரர் பருவம் பார்த்துச் சொல்லமாட்டார் என்பது தெரியும். மழைக்காலத்தில் கிளம்ப நேர்ந்தால் பாலிதீன் பயணத்துக்கு மட்டும் இருக்கட்டும். போய்ச் சேர்ந்த அன்றே பிரித்துவிடுங்கள். ஜன்னலை மூடிய அறையில் மின்விசிறி ஓட, ஹீட்டரைத் தாள்களிலிருந்து தள்ளி வைத்து, அவற்றை ஒன்றன்மேல் ஒன்று படாமல் பல நாள் விரித்து வையுங்கள். வெயிலில் போட்டால் வண்ணம் வெளுக்கும், தாள் வளையும். காய்ந்த பிறகு பழைய பருத்தி வேட்டியில் சுற்றி அட்டைப் பெட்டியில் வைக்கலாம். வேட்டி கஞ்சி போடாததாக இருக்க வேண்டும்; கஞ்சி ராமபாணப் பூச்சிக்கு விருந்து. பெட்டி தரையையும் வெளிச்சுவரையும் தொடாமல் ஒரு சாண் விலகி இருக்கட்டும். பூஞ்சை தட்டுவதை வீட்டுக்கு வெளியே, முகக்கவசம் அணிந்து செய்யுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் பக்கத்திலேயே வர வேண்டாம்.

சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டிருக்கிறேன் என்பவர்களுக்கு: அது ஓரளவு ஈரத்தைத்தான் குடிக்கும். நிறைந்தபின் உலர்த்தி மாற்றாவிட்டால் வெறும் மணல்.

ஒட்டிக்கொண்ட புகைப்படங்களைப் பிய்ப்பது

ஊட்டி இந்துநகரில் முன்பு இயங்கிய ஃபிலிம் தொழிற்சாலையின் ‘இந்து’ புகைப்படத் தாளில் போட்ட கறுப்பு வெள்ளைப் படங்கள் இங்கே பல வீடுகளில் கட்டுக்கட்டாக இருக்கும். படத்தின் மேற்பரப்பும் ஜெலட்டின்தான். ஈரத்தில் இளகி, காயும்போது அடுத்த படத்தோடு ஒட்டிக்கொள்ளும். இழுத்தால் ஒரு முகம் இன்னொரு தாளின் முதுகில் போய்விடும். கட்டாகவே வைத்துக்கொண்டு, தெரிந்தவரிடம் காட்டுங்கள். கண்ணாடியோடு ஒட்டிய படமானால் கண்ணாடியைக் கழற்றாமல் அப்படியே ஸ்கேன் செய்துவிடுங்கள்.

செலோ டேப்

கிழிசலுக்கு ஒட்டவே ஒட்டாதீர்கள்.

நீலகிரித் தைலம் தெளிப்பது

பூச்சி வராது என்று நோட்டுகளின் மேலேயே தெளிக்கிறார்கள். வண்ணம் இளகும், கறை விழும். தைலம் சளிக்கு.

எண்ணெய்த் துணிகளைக் குவித்து வைப்பது

ஆளிவிதை எண்ணெய் தண்ணீரைப்போல ஆவியாகி உலர்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிறது. அப்போது வெப்பம் வெளிவருகிறது. துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் குவித்தால் அந்த வெப்பம் போக வழியில்லாமல் ஏறி, யாரும் தீக்குச்சி கிழிக்காமலே பற்றிக்கொள்ளும். மரத்தளம் போட்ட பழைய பங்களாவில் இதைச் செய்துவிட்டு மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று படுக்கப் போகாதீர்கள். வெளியே கொடியில் தனித்தனியாக விரித்து விறைப்பாகக் காய விடுங்கள். அல்லது தண்ணீர் நிறைத்த தகர டப்பாவில் அமிழ்த்தி மூடுங்கள்.

நல்ல பக்கத்தை மட்டும் கிழித்து எடுப்பது

சென்னை கவின் கலைக் கல்லூரியில் படித்த ஒருவரின் நோட்டைப் புரட்டியிருக்கிறேன். எழும்பூர் ரயில் நிலையத்தில் தூங்கும் சுமைக்காரரின் கை, அடுத்த பக்கத்தில் அதே கை, அதற்கடுத்த பக்கத்தில் கை சரியாக வந்துவிட்டது. ஓரத்தில் டீக்கடைக் கணக்கு. மூன்றாவது பக்கத்தை மட்டும் சட்டம் போட்டால் அது ஒரு படம். மூன்றும் சேர்ந்திருந்தால், ஒருவர் பார்க்கக் கற்றுக்கொண்ட வழி அதில் இருக்கிறது. பத்து ஆண்டு கழித்து உங்களுக்கே அது தேவைப்படும்.

சட்டத்தின் பின்பலகையை எறிவது

தேதியும், முதலில் வைத்த தலைப்பும், கண்காட்சிச் சீட்டும் அங்கேதான் இருக்கும். சீட்டு ஒட்டிய பகுதியை வெட்டி எடுத்து, படத்தின் பின் ஓரத்தில் மென்மையான பென்சிலால் ஓர் எண் போட்டு, அதே எண்ணை அதற்கும் போட்டு வையுங்கள். பால்பாயிண்ட் பேனா வேண்டாம். அழுத்தம் முன்பக்கம் தெரியும்.

போனில் படம் எடுத்துவிட்டு எறிவது

கடிதத்தின் பின்பக்கத்தை யாரும் படம் எடுப்பதில்லை.

பிறர் தந்ததை அழுக்கு என்று கழுவுவது

இந்த மலைப் பழங்குடிகளின் கைவேலை, குறும்பர் ஓவியம் ஒன்றோ தோடர் பூத்தையல் துண்டு ஒன்றோ, பெரும்பாலும் எல்லோரிடமும் இருக்கும். குறும்பர் ஓவியத்தின் பழுப்பு வேங்கை மரப் பிசினில் வருவது. ஈரத் துணி அதன் அருகில்கூடப் போகக் கூடாது. தோடர் துணியில் சிவப்பும் கறுப்பும் கம்பளி நூல்; வெந்நீரில் போட்டால் சாயம் வெள்ளைத் துணியில் இறங்கலாம். உதறி, நிழலில் காற்றாட விட்டு, தாள்களோடு சேர்க்காமல் தனியே மடித்து வைத்தால் போதும்.

அன்றைக்கே பழைய பேப்பர் கடைக்குப் போடுவது

எறிய நினைத்ததை ஒரு பெட்டியில் போட்டு அடுத்த கோடை வரை வையுங்கள். பிறகு கடைக்குக் கொண்டுபோகும் முன் ஒவ்வொரு உறையையும் பிரித்துப் பாருங்கள். நெகடிவ்கள் பழைய கடித உறைகளுக்குள்தான் ஒளிந்திருக்கும். வினிகர் வாடை வீசினால் படச்சுருள் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்த ஆவி பக்கத்தில் இருக்கும் நல்ல நெகடிவ்களையும் கெடுக்கும். உடனே பிரித்து வேறு அறையில் வைத்து, அவற்றை முதலில் ஸ்கேன் செய்யுங்கள்.