ஒலியின் வேகத்தை அளக்க இரண்டு போன், இரண்டு தட்டு

ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர் என்று படித்திருப்போம். அது 20 டிகிரி செல்சியஸில் இருக்கும் காற்றுக்கு. நீங்கள் நிற்கும் இடத்தில் எவ்வளவு என்பதை நீங்களே அளந்துவிடலாம். இரண்டு போன், அளவு நாடா, வெப்பமானி, துணைக்கு ஒரு ஆள் போதும். எனக்குத் துணை என் தம்பி.

1. இரண்டு போனிலும் ஃபைஃபாக்ஸ் செயலியைப் போடுங்கள். ஜெர்மனியின் ஆஹன் நகரப் பல்கலைக்கழகத்தில் உருவானது, இலவசம். வேறு ஸ்டாப்வாட்ச் எதையும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். இதில் உள்ள ‘அக்கூஸ்டிக் ஸ்டாப்வாட்ச்’ முதல் சத்தத்தில் ஓடத் தொடங்கி, அடுத்த சத்தத்தில் தானே நின்றுவிடும்.

2. ‘திரெஷோல்டு’ அளவைச் சரிசெய்யுங்கள். பேச்சுக்குரலுக்கு ஓடக் கூடாது, எதிர் முனையில் தட்டினால் ஓட வேண்டும். முதல் தட்டின் எதிரொலியிலேயே கடிகாரம் நின்றுபோனால் ‘மினிமம் டிலே’யைக் கொஞ்சம் கூட்டுங்கள். தட்டுவதற்குக் கையைவிட இரண்டு மரக்கட்டைகள் மேல். பாத்திர மூடி வேண்டாம், தட்டிய பிறகும் ரீங்காரம் அடங்காது.

3. போன்களைச் சரியாக 5 மீட்டர் இடைவெளியில் வையுங்கள். முதலில் நீங்கள் உங்கள் போனருகே ஒரு தட்டு. இரண்டு நொடி கழித்து அவர் தன் போனருகே ஒரு தட்டு.

4. உங்கள் தட்டு அவர் போனுக்குத் தாமதமாகப் போகும். அவர் தட்டு உங்கள் போனுக்குத் தாமதமாக வரும். அதனால் உங்கள் கடிகாரம் சற்று அதிகம் காட்டும். எனக்கு வந்தது 2.414, தம்பிக்கு 2.385. வித்தியாசம் 0.029 நொடி. இது ஒலி போய்வந்த நேரம், எனவே 5 அல்ல, 10 மீட்டரை வகுக்க வேண்டும்: 345. இந்த 0.029, 0.028 ஆனாலே விடை 357க்குத் தாவிவிடும். பத்து முறை செய்து சராசரி எடுங்கள். என் சராசரி 0.0287, அதாவது 348.

இந்த 348 முதல் நாளே வந்துவிடவில்லை. திரும்பத் திரும்ப 386தான் வந்தது. வெயிலால் இருக்கும் என்று முதலில் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அப்புறம் கணக்குப் போட்டால், 386 வர காற்று கிட்டத்தட்ட 98 டிகிரியில் இருக்க வேண்டும்! தம்பிதான் கேட்டான்: “அண்ணா, நாம ஏன் பக்கவாட்டுல நின்னு தட்டுறோம்?”

அதுதான் கோளாறு. இருவரும் போனுக்கு அரை மீட்டர் பக்கத்தில் வசதியாக நின்றிருந்தோம். அங்கிருந்து அருகிலுள்ள போனுக்கு 0.5 மீட்டர், தூரத்துப் போனுக்கு 5.02 மீட்டர். வித்தியாசம் ஒரு வழிக்கு 4.52தான், நாங்கள் ஒரு வழிக்கு 5 என்று வைத்து 10ஐ வகுத்துக்கொண்டிருந்தோம். போனுக்குப் பின்னால் நில்லுங்கள்: தட்டுபவர், அவர் போன், எதிர் போன் மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். எவ்வளவு பின்னால் என்பது பொருட்டே இல்லை. அந்தத் தூரம் இரண்டு போனுக்கும் சமமாகக் கூடி, கழிந்துவிடும்.

5. இப்போது வெப்பமானியைப் பாருங்கள். டிகிரியை 0.6ஆல் பெருக்கி 331.3ஐக் கூட்டினால் வர வேண்டிய விடை கிடைக்கும். எங்களுக்கு 30 டிகிரி, அதாவது 349.3. ஒரு மீட்டர்தான் பிசகு, எனக்குத் திருப்தி.

சூடு ஏறினால் மூலக்கூறுகள் வேகமாக ஓடும். அதிர்வு கைமாறுவதும் வேகமாகும். காற்றழுத்தம் கூடினால் வேகம் கூடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். வெப்பநிலை மாறாதவரை அழுத்தம் கூடும் அதே விகிதத்தில் அடர்த்தியும் கூடுவதால் ஒன்றை ஒன்று சரிக்கட்டிவிடும். ஈரப்பதம் வேகத்தைக் கொஞ்சம் கூட்டும், ஏனென்றால் நீராவி மூலக்கூறு காற்றின் சராசரியைவிட லேசானது. ஆனால் ஒரு சதவீதத்துக்கும் குறைவுதான், இந்த முறையில் பிடிபடாது. ஓங்கித் தட்டினாலும் மெல்லத் தட்டினாலும் வேகம் ஒன்றே.

சூட்டைச் சரியாகக் கணக்கில் எடுக்காமல் நியூட்டனே சறுக்கியிருக்கிறார். ஒலி போகும்போது அழுந்தும் காற்று கணநேரம் சூடாவதை விட்டுவிட்டதால், 1687இல் அவருக்குக் கிடைத்த விடை சுமார் 15 சதவீதம் குறைவு. திருத்தியவர் பிரெஞ்சுக் கணித அறிஞர் லாப்லாஸ்.

பின்சேர்க்கை: மொட்டைமாடியில் காற்று வீசினால் என்ன செய்வது என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். தாராளமாகச் செய்யலாம். ஒரு தட்டைக் காற்று முன்னால் தள்ளும், மற்றதைப் பின்னால் இழுக்கும். போய்வந்த மொத்த நேரம் ஏறக்குறைய மாறாது. ஆனால் மைக்கில் காற்று அடித்தால் கடிகாரம் கண்டபடி ஓடும். போனைச் சுவர் மறைவில் வையுங்கள்.