குழந்தை நட்சத்திரத்துக்கு மீசை அரும்பும்போது: பெற்றோருக்குச் சில குறிப்புகள்

என் மகன் முதல் படத்தில் நடித்தபோது அவனுக்கு 5 வயது. 10 வயதுக்குள் நான்கு படங்கள், ஏழெட்டு விளம்பரங்கள். அதன் பிறகு அழைப்புகள் குறைந்து, ஒரு கட்டத்தில் அடியோடு நின்றுவிட்டன. இப்போது அவனுக்கு 16 வயது. இடைப்பட்ட ஆண்டுகளில் நான் தவறாகச் செய்ததையும் பிறகு திருத்திக்கொண்டதையும் எழுதுகிறேன். அதே நிலையில் இருக்கும் பெற்றோர் படித்தால் என் பிள்ளை பட்டதை இன்னொரு பிள்ளை படாமல் இருக்கும்.

முதலில் ஒன்றை நீங்கள் மனதார நம்ப வேண்டும்: வாய்ப்பு நின்றது பிள்ளையின் குற்றம் அல்ல. தமிழ் சினிமாவில் 12 முதல் 17 வயது வரையுள்ளவர்களுக்குக் கதை எழுதுகிறவர்கள் மிகக் குறைவு. பள்ளி மாணவன் என்றால் பெரும்பாலும் கதாநாயகனின் சிறுவயதுக் காட்சி, அதோடு சரி. கல்லூரி மாணவன் வேடம் 30 வயதுக்காரருக்குப் போய்விடும். எழுதப்பட்டால் பிள்ளைகள் நடிப்பார்கள். 2009-ல் 'பசங்க' படத்தில் நடித்த கிஷோர், ஸ்ரீராம், பாண்டி, முருகேஷ் நால்வரும் 2014-ல் 'கோலி சோடா'வில் கோயம்பேடு சந்தைப் பையன்களாக வந்தார்கள். வளர்ந்த பையன்களுக்கு வளர்ந்த வயதிலேயே பாத்திரம் கிடைத்தது. அப்படி ஒரு படம் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதுவரை பிள்ளை என்ன செய்யப்போகிறான் என்பதைத்தான் நாம் யோசிக்க வேண்டும்.

நான் யோசிக்கவில்லை. பழையதையே பிடித்துக்கொண்டிருந்தேன். அவனுக்கு 13 வயது நடந்தபோது, ஒரு வருடத்துக்கு முன் எடுத்து நின்றுபோயிருந்த படத்துக்கு டப்பிங் பேச அழைத்தார்கள். திரையில் அவன் கதவைத் தட்டிக்கொண்டு "அம்மா, திற" என்கிறான். மைக் முன்னால் நின்று "அம்மா" என்றான். முதல் எழுத்து கனமாக வந்து, இரண்டாவது கீச்சென்று உடைந்தது. மறுபடியும் அதேதான். ஒலிப்பதிவாளர் பொறுமையாக அந்தத் துண்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டார். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து, "கொஞ்சம் சின்னப் பிள்ளை மாதிரி பேசுடா கண்ணா" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒரு மணி நேரம் தொண்டையை இறுக்கிப் பேசினான். கடைசியில் வேறொரு சிறுவனின் குரலை வைத்துக்கொள்வதாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவன் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் குரலே எழும்பவில்லை. காது மூக்கு தொண்டை மருத்துவர், "குரல்நாண் வளர்ந்து தடிக்கிற பருவம். அதன் போக்கில் விடுங்கள், கட்டாயப்படுத்தாதீர்கள்" என்று எச்சரித்தார்.

ஆகவே ஆண் பிள்ளைகளின் பெற்றோருக்குச் சொல்கிறேன்: குரல் உடையத் தொடங்கியதும் கத்தும் காட்சிகளையும் நெடுநேர டப்பிங்கையும் ஒத்துக்கொள்ளாதீர்கள். தயாரிப்புத் தரப்பிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவர்கள் வேறு ஏற்பாடு செய்துகொள்வார்கள். பழைய குரலைப் பிள்ளையிடம் கேட்காதீர்கள். அவனால் திருப்பித் தர முடியாத ஒன்றை அம்மாவே கேட்டால் அவன் எங்கே போவான்?

அடுத்தது புகைப்படங்கள். 8 வயதுப் படத்தை இன்னும் அனுப்பிக்கொண்டிருக்கிறீர்களா? இன்றே நிறுத்துங்கள். உதவி இயக்குநர் அந்தப் படத்தைப் பார்த்து அழைப்பார். தோளுக்கு மேல் வளர்ந்த பிள்ளை உள்ளே நுழைந்ததும் அவர் முகம் மாறும். அந்த மாற்றத்தைப் பிள்ளை பார்த்துவிடுவான். மூன்று மாதத்துக்கு ஒரு முறை, மேக்கப் இல்லாமல், வெள்ளைச் சுவர் முன்னால், நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முழு உருவம் ஒன்று எடுங்கள். முகப்பரு இருந்தால் இருக்கட்டும், மறைக்க வேண்டாம். உயரத்தையும் தேதியையும் எழுதுங்கள். இப்போதைய குரலில் தன் பெயர், வயது, படிக்கும் வகுப்பு சொல்லும் ஒரு நிமிட வீடியோ போதும். 'மாஸ்டர்', 'பேபி' என்ற அடைமொழிகளை 12 வயதிலேயே எடுத்துவிடுங்கள். 'நாட்டாமை'யில் சிறுவனாக நடித்த மகேந்திரன் 2021-ல் 'மாஸ்டர்' படத்தில் வில்லனின் இளவயது வேடத்தில் மிரட்டினார். அப்போதும் அவரை 'மாஸ்டர் மகேந்திரன்' என்றுதான் பலரும் அழைத்தார்கள். ஒட்டிக்கொண்ட பெயர் எளிதில் போகாது.

வேலை இல்லாத காலத்தைத் தொழில் கற்கும் காலமாக்குங்கள். 1960-ல் 'களத்தூர் கண்ணம்மா'வில் நடித்துக் குடியரசுத் தலைவரின் தங்கப் பதக்கம் வாங்கிய கமல்ஹாசன், குழந்தை வேடங்கள் ஓய்ந்தபின் டி.கே.எஸ். நாடகக் குழுவில் சேர்ந்தார். நடன இயக்குநர் தங்கப்பனிடம் உதவியாளராக இருந்தார். 1973-ல் 'அரங்கேற்றம்' வந்தபோது அவரிடம் குழந்தை நட்சத்திரத்தின் பழைய புகழோடு நாடகமும் நடனமும் இருந்தன. என் மகன் இப்போது வார இறுதிகளில் ஒரு நாடகக் குழுவுக்குப் போகிறான். முதல் மாதம் முழுக்கத் தரை கூட்டவும் பாய் விரிக்கவும்தான் விட்டார்கள். அங்கே யாரும் அவனுடைய பழைய வசனத்தைக் கேட்பதில்லை. அதுவே அவனுக்குப் பெரிய நிம்மதி.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் கண்டிப்பாக இருங்கள். அவர்களுக்கு வாய்ப்பு நிற்பதில்லை; வயதுக்கு மீறியதாக வருகிறது. 1963-ல் பிறந்த ஸ்ரீதேவி 'மூன்று முடிச்சு'வில் கதாநாயகியானது 1976-ல். அவரது திறமை பெரியது என்பதற்காக, 13 வயதுப் பெண்ணை வளர்ந்தவளாக நிறுத்தியது சரியாகிவிடாது. சீன் பேப்பரை முன்கூட்டியே வாங்கிப் படியுங்கள். எதிரே நடிப்பவரின் வயது என்ன, உடை என்ன, தொடும் காட்சி உண்டா என்று கேட்டு, ஒப்பந்தத்தில் எழுத்தாக வாங்குங்கள். "இதெல்லாம் கேட்டால் வாய்ப்பு போய்விடும்" என்பார்கள். போகட்டும்.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. 2017-ஆம் ஆண்டின் மத்திய விதிகளின்படி, குழந்தைக் கலைஞர் ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேலும், ஓய்வின்றி 3 மணி நேரத்துக்கு மேலும், தொடர்ந்து 27 நாட்களுக்கு மேலும் வேலை செய்யக் கூடாது. வருமானத்தில் 20 சதவீதமாவது அவர் பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் வைப்புத்தொகையாகப் போட வேண்டும். ஆனால் இந்த விதிகள் 14 வயது நிறையாதவர்களுக்கானவை. பதின்ம வயது வேடங்கள் தொடங்கும் நேரத்தில் அந்தக் காவல் விலகிவிடுகிறது. அதே வரம்புகளை நீங்களே ஒப்பந்தத்தில் கேளுங்கள். 20 சதவீதத்தைத் தொடர்ந்து போடுங்கள். பத்தாம் வகுப்பு என்றால் ஜனவரிக்குப் பிறகு கால்ஷீட் வேண்டாம்.

உறவினர் வீட்டுக் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்திருந்தவனிடம் ஒருவர் கைபேசியை நீட்டி, "அந்த வசனத்தைச் சொல்லு தம்பி" என்றார். சாம்பார் சாதம் பாதி இருக்கும்போதே இலையை மூடிவிட்டு எழுந்துபோனான். அன்றிலிருந்து நான் முந்திக்கொள்கிறேன்: "அது அவன் 6 வயதில் பேசியதுங்க. இப்போது நாடகம் செய்கிறான், அதைப் பற்றிக் கேளுங்கள்." பெரும்பாலானவர்கள் உண்மையிலேயே கேட்கிறார்கள்.

ஒவ்வொரு பிறந்தநாளுக்கு மறுநாளும் அவனிடம் தொடர விருப்பமா என்று கேட்கிறேன். 14-ல் "வேண்டாம்" என்றான். ஒரு வருடம் யாருக்கும் படம் அனுப்பவில்லை. 15-ல் "நாடகம் மட்டும்" என்றான். இந்த வருடம் அவனே வெள்ளைச் சுவர் முன்னால் போய் நின்று, "எடும்மா" என்றான். 5 அடி 6 அங்குலம். தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன்.