சிங்கப்பூரில் நாய், பூனை வளர்க்கப் போகிறீர்களா? எண்ணிக்கையில் தொடங்கி உரிமம் வரை

குட்டியைப் பார்த்துவிட்டால் விதியெல்லாம் மறந்துவிடும். அதனால் பார்க்கப் போவதற்கு முன்னாலேயே இதையெல்லாம் முடித்துவிடுங்கள்.

படி 1: எந்த மாதிரி வீடு?

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு என்றால் இரண்டு பூனை, கூடவே அனுமதிக்கப்பட்ட இனத்தில் ஒரு நாய். கொண்டோ (தனியார் அடுக்குமாடி), தரைவீடு என்றால் நாயும் பூனையும் சேர்த்து மூன்று. இந்தக் கணக்கு வீட்டுக்குத்தான், ஆளுக்கு இல்லை. வாடகைக்கு அறை எடுத்துத் தங்கியிருப்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள்: வீவக வீட்டுக்காரரிடம் ஏற்கெனவே இரண்டு பூனை இருந்தால் உங்கள் பூனைக்கு இடமே இல்லை, அவரும் நீங்களும் தனித்தனி சமையல் செய்தாலும் சரி.

படி 2: நாய் என்றால் இனம் பாருங்கள்

வீவக பட்டியலில் 62 இனங்கள், எல்லாம் சிறியவை. ஷிட்சு, மால்டீஸ் சரி. கோல்டன் ரெட்ரீவர் கிடையாது, எவ்வளவு சாதுவாக இருந்தாலும். உள்ளூர்க் கலப்பின நாயைத் தத்தெடுக்க ஆசையா? இத்தகைய நாய்களை வீவக வீட்டில் வளர்க்க வழிசெய்யும் அடோர் திட்டத்தில் சேர்ந்துள்ள விலங்குநல அமைப்புகளிடம் கேளுங்கள், கொஞ்சம் பெரிய நாய்க்கும் வழி உண்டு. விதியை மீறினால் வீவக 4,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம்.

படி 3: பூனை என்றால் ஜன்னல்

1989 முதல் வீவக வீட்டில் பூனைக்குத் தடை, ஆனாலும் பலர் வளர்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். 2024 செப்டம்பர் 1-ல்தான் தடை நீங்கியது. தலை நுழையும் இடைவெளியில் பூனை முழுதாக நுழைந்துவிடும், பத்தாவது மாடியில் அது விளையாட்டு இல்லை. ஹால் ஜன்னலுக்கு வலை போட்டுவிட்டு, துணி காயப்போடும் சமையலறை ஜன்னலையும் கழிவறைக் கண்ணாடிப் பட்டைகளையும் விட்டுவிடுவார்கள். வாசல் இரும்புக் கதவின் கம்பிகளுக்கு நடுவிலும் வலை வேண்டும்.

படி 4: உரிமம்

கால்நடை மருத்துவரிடம் மைக்ரோசிப் போடுங்கள், அப்படியே கருத்தடையும் பேசிவிடுங்கள். நாய்க்கான ஆண்டுக் கட்டணம் கருத்தடை செய்திருந்தால் 15 வெள்ளி, இல்லையென்றால் 90, வித்தியாசத்தைப் பார்த்தாலே அரசாங்கம் என்ன நினைக்கிறது என்று புரியும். முதன்முறை வளர்ப்பவர்கள் இணையத்தில் இலவசப் பாடத்தை முடிக்க வேண்டும். அப்புறம் சிங்பாஸ் (அரசாங்க இணையச் சேவைகளுக்கான அடையாளக் கணக்கு) மூலம் செல்லப்பிராணி உரிமத்துக்கான 'பால்ஸ்' தளத்தில் நுழைந்து மைக்ரோசிப் எண்ணைக் கொடுத்து விண்ணப்பியுங்கள். உரிமம் இல்லாமல் நாய் வளர்த்தால் அபராதம் 5,000 வெள்ளி வரை போகும்.

புது விதி வந்தபோதே வரம்புக்கு மேல் பூனை வைத்திருந்தவர்களுக்கு ஒரு சலுகை: 2026 ஆகஸ்ட் 31-க்குள் உரிமம் எடுத்தால் அத்தனையையும் வைத்துக்கொள்ளலாம். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு அது பொருந்தாது.

ஊரிலிருந்து நட்சத்திர ஆமை கொண்டுவரும் யோசனை இருந்தால் அதை விட்டுவிடுங்கள், அது சட்டவிரோதம். கொண்டோவில் மூன்று நாய் வைத்திருப்பவர்கள் வீவக வீட்டுக்கு மாறுவதென்றால், வீடு வாங்கக் கையெழுத்துப் போடுவதற்கு முன் முதல் படியைத் திரும்பப் படியுங்கள்.