டேடோனா பீச் போகிறீர்களா? முதலில் காலண்டரைப் பாருங்கள்

பிப்ரவரியில் குடும்பத்தோடு அமெரிக்காவின் புளோரிடாவில் உள்ள டேடோனா பீச் போய், காலையில் கடலில் குளித்து, மதியம் நாஸ்கார் கார்ப் பந்தயம் பார்த்து, அன்று இரவே ஆர்லாண்டோவில் விமானம் ஏறிவிடலாம் என்று ஒரு நண்பர் திட்டம் போட்டு எனக்கு அனுப்பியிருந்தார். ஒரே வரியில் மூன்று தவறுகள். பிப்ரவரிக் கடல் குளிக்கிற மாதிரி இருக்காது. பந்தயம் அன்றைக்கே நடக்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. நடந்தாலும், அன்று இரவே விமானத்தைப் பிடிப்பது பெரும்பாடு.

அவரைக் குறை சொல்லவும் முடியாது. ஊர்ப் பெயரிலேயே பீச் இருக்கிறது, அந்த ஊரின் புகழே கார்ப் பந்தயம்தான். இரண்டையும் ஒரே பயணத்தில் முடிக்கலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். முடியும்தான், ஆனால் ஒன்றுக்காக இன்னொன்றைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். எதை விடப்போகிறோம் என்பதை ஹோட்டல் பதிவுக்கு முன்னாலேயே முடிவு செய்யாததுதான் முதல் தவறு. மற்ற தவறுகளில் பாதி அதிலிருந்து கிளைத்தவை.

கொஞ்சம் பழங்கதை. புளோரிடாவின் இந்த அட்லாண்டிக் கரையில் மணல் இறுகிக் கிடக்கும். அதனால் 1903-லேயே ஆர்மண்ட் பீச், டேடோனா பக்கம் மணலில் காரை விரட்டிப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். 1935 மார்ச்சில் பிரிட்டிஷ் ஓட்டுநர் மால்கம் கேம்ப்பெல் இங்கே மணிக்கு 276 மைல் வேகத்தைத் தொட்டார். அடுத்த ஆண்டு முதல் பாதி தார்ச்சாலை, பாதி மணல் என்று ஒரு பந்தயப் பாதை. 1958 வரை அங்கேதான் ஓடினார்கள். கடல் வற்றியிருக்கும் நேரம் பார்த்துத்தான் பந்தயமே வைக்க முடியும். இப்போதைய பந்தய மைதானமான ஸ்பீட்வே 1959-ல் திறந்தது. அது கடலோரத்தில் இல்லை, உள்ளே தள்ளி இருக்கிறது. அடுத்த தவறு இங்கேதான் நடக்கிறது.

ஹோட்டல் தளத்தில் 'டேடோனா பீச்' என்று போட்டுத் தேடினால் ஸ்பீட்வே பக்கத்திலும் ஐ-95 நெடுஞ்சாலை ஓரத்திலும் உள்ள விடுதிகள்கூட அந்தப் பெயரில்தான் வரும். அங்கிருந்து கடல் ஏறத்தாழ 5 மைல். இன்டர்நேஷனல் ஸ்பீட்வே புல்வார்டு என்ற ஒரே நேர்ச்சாலையில் போய், ஹாலிஃபாக்ஸ் ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் கடல் வரும். சாதாரண நாளில் கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஒரு லட்சம் இருக்கைகள் உள்ள மைதானம் ஒரே நேரத்தில் காலியாகும் மாலையில் அந்தக் கணக்கு எடுபடாது. பந்தயம்தான் முக்கியம் என்றால் ஸ்பீட்வே பக்கமே தங்குங்கள், நடந்தே வந்துவிடலாம். கடல்தான் முக்கியம் என்றால் முகவரியில் கடலை ஒட்டி ஓடும் 'அட்லாண்டிக் அவென்யூ' இருக்கிறதா என்று பாருங்கள். அது இருந்தாலும் சாலையின் எந்தப் பக்கம் என்று வரைபடத்தில் பார்த்துக்கொள்வது நல்லது.

இனி அந்தப் பிப்ரவரி விஷயம். இங்கே நடக்கும் பெரிய நாஸ்கார் பந்தயமான டேடோனா 500 இப்போதெல்லாம் பிரசிடென்ட்ஸ் டே விடுமுறைத் திங்களுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை நடக்கிறது. அந்த மாதத்தில் கடல்நீர் 15, 16 டிகிரி செல்சியஸ்தான். பகலில் வெயில் 20 டிகிரியைத் தாண்டி இதமாக இருக்கும், குழந்தைகள் கணுக்கால் அளவு நனைந்து கத்திவிட்டு ஓடி வருவார்கள், அவ்வளவுதான். பந்தயம் மதியம் தொடங்கி இருட்டும் வரை போகும். சூரியன் இறங்கியதும் ஸ்டாண்டின் மேல்வரிசையில் காற்று எலும்பைத் தொடும். புளோரிடாதானே என்று டி-ஷர்ட்டோடு வந்தவர்கள் அங்கேயே கடையில் பெரிய விலை கொடுத்து ஹுடி வாங்குவதை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன்.

அதைவிடப் பெரிய ஆபத்து மழை. ஓவல் பாதையில் ஓடும் கார்களின் டயரில் பட்டைகளே இருக்காது, வழுவழுவென்றிருக்கும். திருப்பங்களில் பாதை 31 டிகிரி சரிந்து நிற்கும். ஈரத்தில் அங்கே மணிக்கு 300 கிலோமீட்டர் என்பது நடக்கிற காரியமில்லை. தூறல் விழுந்தாலே நிறுத்திவிட்டு, தரையை உலர்த்த வண்டிகளை அனுப்புவார்கள், இரண்டரை மைல் பாதை முழுக்க உலர மணிக்கணக்கில் ஆகும். 2012, 2020, 2024 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் பந்தயம் திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போனது. அதிலும் 2012-ல் நடந்தது தனிக்கூத்து. திங்கள் இரவு தொடங்கிய பந்தயத்தில், தரையை உலர்த்தும் ஜெட் இன்ஜின் வண்டி மீதே ஹுவான் பாப்லோ மோன்டோயாவின் கார் மோதித் தீப்பிடித்தது. ஞாயிற்றுக்கிழமையே முடிய வேண்டிய பந்தயம் முடியும்போது செவ்வாய்க்கிழமை பிறந்துவிட்டது. மறுநாளுக்குத் தள்ளினால் உங்கள் டிக்கெட் மறுநாளும் செல்லும். ஆனால் ஞாயிறு இரவு விமானம் உங்களுக்காகக் காத்திருக்காது. திரும்பும் பயணத்தைச் செவ்வாய்க்குப் போடுங்கள். திங்கள் எப்படியும் பள்ளி விடுமுறைதான், ஒரு நாள்தான் கூடுதல் லீவு.

டிக்கெட் வாங்கும்போது கம்பி வேலிக்கு அருகில் உட்கார்ந்தால் நன்றாகப் பார்க்கலாம் என்று நினைப்பதும் வழக்கமான தவறு. கிரிக்கெட்டுக்குச் சரி, இங்கே சரிவராது. கீழ்வரிசையில் நாற்பது கார்கள் ஒரு இரைச்சலாக வந்து ஒரு நொடியில் மறைந்துவிடும், எதிர்ப்பக்கம் என்ன நடக்கிறதென்றே தெரியாது. மேலே போகப் போகத்தான் முழு வட்டமும் கண்ணில் விழும். காதுக்கு நல்ல ஹெட்செட் வேண்டும், குழந்தைகளுக்குக் கட்டாயம். பஞ்சு வைத்து அடைப்பதெல்லாம் போதாது. சாப்பாடு விஷயத்தில் மட்டும் நமக்கு ஒரு நல்ல செய்தி: சிறிய துணிக் கூலர் பையில் வீட்டு உணவு எடுத்துப் போக விடுகிறார்கள். பையின் அளவுக்கு வரம்பு உண்டு, கண்ணாடிப் பாட்டில் கூடாது. சைவக்காரர்களுக்கு உள்ளே ஃபிரெஞ்ச் ஃப்ரைஸைத் தாண்டி அதிகம் தேறாது. புளியோதரை கட்டிக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால், கார்ப் பந்தயம் அதிகம் பார்த்திராத குடும்பத்துக்கு டேடோனா 500-ஐவிட ஜனவரி இறுதியில் நடக்கும் ரோலக்ஸ் 24 பொருத்தம். 24 மணி நேரம் ஓடும் பந்தயம், சாதாரண மழைக்கெல்லாம் நிற்காது. பாதைக்கு நடுவே உள்ள மைதானத்தில் நடந்து திரியலாம், ஜயன்ட் வீல் சுற்றும், கார்களைக் கழற்றி மாட்டுவதைப் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். அலுத்தால் ஹோட்டலுக்குப் போய்த் தூங்கிவிட்டு வரலாம், திரும்பி வரும்போதும் ஓடிக்கொண்டுதான் இருப்பார்கள். ஆகஸ்டிலும் ஒரு நாஸ்கார் இரவுப் பந்தயம் உண்டு. அப்போது கடல் வெதுவெதுப்பாக இருக்கும். ஆனால் மாலை இடிமழை புளோரிடாவில் அன்றாடச் சங்கதி. எட்டு மைல் சுற்றளவுக்குள் மின்னல் விழுந்தால் குறைந்தது அரை மணி நேரம் எல்லாம் நிற்கும்.

பந்தயமே வேண்டாம், கடல் மட்டும் போதும் என்பவர்கள் பந்தய நாட்களைத் தவிர்த்தால் போதும் என்று நினைத்துவிடக் கூடாது. மார்ச் தொடக்கத்தில் பத்து நாள் பைக் வீக், அக்டோபரில் பைக்டோபர்ஃபெஸ்ட். ஹார்லி வண்டிகள் விடிய விடிய உறுமும், அறை வாடகையும் உச்சத்தில் இருக்கும். ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவை அந்த வாரத்தில் கூட்டிப்போனால் தூக்கம் போகும். எனக்குப் பிடித்தது ஏப்ரல் பாதிக்கு மேல் மே வரை. கூட்டம் குறைவு, தண்ணீரில் இறங்கலாம், புயல் காலமும் தொடங்கியிருக்காது. ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம், அப்போது போவதென்றால் பணம் திரும்பக் கிடைக்கும் பதிவாகப் பாருங்கள். நவம்பராகிவிட்டதே என்று அசட்டையாக இருக்க முடியாது. 2022-ல் நிக்கோல் புயல் வந்தது நவம்பர் 10-ஆம் தேதி. டேடோனாவுக்குச் சற்றுத் தெற்கே கடலோர வீடுகள் மண் அரித்துச் சரிந்து கடலில் விழுந்தன.

இந்தக் கடற்கரையில் உங்கள் காரையே மணலில் ஓட்டலாம். கட்டணம் கட்டி உள்ளே போக வேண்டும். வேகம் மணிக்கு 10 மைல், விளக்கு எரிய வேண்டும், ஜன்னல் கண்ணாடி இறங்கியிருக்க வேண்டும். மே முதல் அக்டோபர் வரை காலை 8 முதல் மாலை 7 வரை, மற்ற மாதங்களில் சூரியன் உதித்தது முதல் மறையும் வரை. எல்லாவற்றுக்கும் மேல், கடல் இடம் விட்டால்தான்.

கடைசியில் சொன்னதைத்தான் நாங்கள் முதல் முறை கவனிக்கவில்லை. வந்து சேர்ந்தபோது கடல் எங்கோ தள்ளி இருந்தது. தண்ணீருக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும் என்று காரை முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, ஜமக்காளம் விரித்து, தயிர்சாதத்தைத் திறந்தோம். இரண்டு மணி நேரத்தில் அலை ஜமக்காளத்தின் ஓரத்தை நனைத்தது. சுற்றிப் பார்த்தால் மற்ற கார்கள் எல்லாம் எப்போதோ பின்னால் போயிருந்தன. அவசரத்தில் கிளப்பி, வந்த வழியை விட்டு நேரே மேட்டுப் பக்கம் திருப்பினேன். அங்கே மணல் இறுகியதல்ல, மாவு மாதிரி. ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க முன்சக்கரம் இறங்கிக்கொண்டே போனது. பிக்கப் வண்டியில் வந்த இரண்டு பேர் கயிறு கட்டி இழுத்து விட்டார்கள், காசு வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்கள். மாமியாரின் ஒரு செருப்பு மட்டும் அட்லாண்டிக்கோடு போயிற்று. மற்றொன்றை ஏன் வீட்டுக்குக் கொண்டுவந்தோம் என்று இன்றுவரை தெரியவில்லை.

ஆகவே, போகும் முன் கடல் முழுதாக ஏறி நிற்கும் அன்றைய ஹை டைட் நேரத்தைப் பாருங்கள். அது தினமும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும், நேற்றைய நேரம் இன்றைக்கு உதவாது. கடல் வற்றிக்கொண்டிருக்கும்போது உள்ளே போனால் நான்கைந்து மணி நேரம் நிம்மதி. மணலில் ஏற்கெனவே பதிந்த டயர் தடத்திலேயே போங்கள். சக்கரம் சுழன்றால் மிதிக்காதீர்கள், இறங்கி மணலைத் தள்ளுங்கள். வாடகைக் கார் என்றால் ஒப்பந்தத்தைப் படியுங்கள். சாலையை விட்டு ஓட்டினால் காப்பீடு செல்லாது என்று பல ஒப்பந்தங்களில் இருக்கும். மணல்மேட்டின் ஓரமாகக் கம்பம் நட்டுப் பிரித்திருக்கும் பகுதி கடலாமைகளுக்கு, அதற்குள் கார் போகக் கூடாது. மே முதல் அக்டோபர் வரை முட்டையிடும் காலம். குழந்தைகள் தோண்டிய குழியை மூடிவிட்டு வாருங்கள், இரவில் செல்போன் டார்ச் அடித்துக்கொண்டு மணலில் நடக்காதீர்கள். வெளிச்சத்தைக் கண்டால் குஞ்சுகள் கடலை விட்டுத் தப்பான திசையில் போய்விடும்.

கடலில் இறங்குபவர்களுக்கு ஒன்று. எல்லோரும் சுறாவைப் பற்றிக் கேட்கிறார்கள். இந்த மாவட்டத்தில் (இங்கே கவுண்டி என்பார்கள்), குறிப்பாகத் தெற்கே நியூ ஸ்மிர்னா பீச் பக்கம், சுறாக்கடி மற்ற இடங்களைவிட அதிகம் பதிவாகிறது, பெரும்பாலும் சிறு காயங்கள். உண்மையில் அஞ்ச வேண்டியது ரிப் கரண்ட் என்னும் உள்ளிழுக்கும் நீரோட்டத்துக்குத்தான். லைஃப் கார்டு கோபுரத்துக்கு எதிரிலேயே குளியுங்கள், சிவப்புக் கொடி பறந்தால் கரையோரமே போதும். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வாருங்கள்.

பந்தயம் இல்லாத நாளில் ஸ்பீட்வேயை உள்ளே சுற்றிக் காட்டுகிறார்கள். அந்த 31 டிகிரிச் சரிவின் அடியில் நின்று மேலே பார்த்தால் அது ஒரு சுவர், டிவியில் அது தெரியவே தெரியாது. போன்ஸ் இன்லெட் கலங்கரை விளக்கத்தில் 203 படிகள், ஏறுகிறவர்கள் வெயிலுக்கு முன் ஏறிவிடுங்கள். கென்னடி விண்வெளி மையம் தெற்கே ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல், அதை அரை நாளில் முடிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். முழு நாள் ஒதுக்குங்கள்.

அப்புறம், மணலில் ஓட்டிய காரை அன்றைக்கே கழுவிவிடுங்கள், முக்கியமாக அடிப்பாகத்தை. நாங்கள் ஒரு வாரம் கழித்துத்தான் கழுவினோம். ஆறு மாதம் கழித்து பிரேக் பார்த்த மெக்கானிக் உள்ளேயிருந்து ஒரு கைப்பிடி டேடோனாவை எடுத்துக் காட்டினார்.