ரூட்டிங் டீமன்: கமாண்ட் லைனில் கைதவறும் இடங்கள்

லினக்ஸ் சர்வரை ரூட்டராக்கும் மென்பொருளான எஃப்ஆர்ஆர் இன்ஸ்டால் பண்ணியாச்சு, அதன் கட்டளைத் திரையான விடிஒய்ஷெல் திறந்தாச்சு, நெட்வொர்க்குகள் தங்களுக்குள் வழி (ரூட்) சொல்லிக்கொள்ளும் பிஜிபியின் கட்டளையை அடித்தால் மட்டும் ஏற்க மாட்டேன் என்கிறது. முதல் நாளே இதில் அரை மணி நேரம் தொலைத்தவர்கள் நிறைய பேர், நானும் அதில் சேர்த்தி. எஃப்ஆர்ஆர் என்பது ஒரே டீமன் (பின்னணியில் ஓடும் நிரல்) இல்லை. பாக்கெட்டை நிஜமாக அனுப்புகிற லினக்ஸ் கெர்னலோடு பேசுவது ஸீப்ரா, பிஜிபிக்குத் தனியாக ஒரு டீமன், ஒரு நெட்வொர்க்குக்கு உள்ளேயே வழி சொல்லும் ஓஎஸ்பிஎஃப்க்குத் தனியாக ஒன்று. ஈடிசிக்குக் கீழே எஃப்ஆர்ஆர் அடைவில் ‘டீமன்ஸ்’ என்றே ஒரு கோப்பு இருக்கிறது, அதில் பிஜிபிடி என்ற வரிக்கு எதிரே ‘நோ’ என்றிருப்பதை ‘யெஸ்’ ஆக்கிவிட்டு ரீஸ்டார்ட் கொடுக்க வேண்டும். இதை டிராஃபிக் ஓடத் தொடங்குவதற்கு முன்பே செய்துவிடுங்கள், ஏனென்றால் ரீஸ்டார்ட் கொடுத்தால் பக்கத்து ரூட்டர்களோடு ஏற்கெனவே ஓடுகிற செஷன்களும் விழுந்து எழும்.

சரி, அது சின்ன விஷயம். நிஜமான குழப்பம் எங்கே என்றால், கான்ஃபிக் கோப்பு, ஓடிக்கொண்டிருக்கும் டீமனின் நினைவகம், கெர்னலின் ரூட் டேபிள் என்று மூன்று இடங்கள் இருக்கின்றன, நாம் இப்போது எதைத் தொட்டோம் என்பதை மறந்துவிடுகிறோம். எஃப்ஆர்ஆரில் நீங்கள் என்டர் தட்டிய அந்த வரி அப்போதே அமலுக்கு வந்துவிடும், ஆனால் ‘ரைட் மெமரி’ கொடுக்கும்வரை கோப்புக்கு அது தெரியாது. பேர்ட் என்ற இன்னொரு ரூட்டிங் டீமனில் நேர் எதிர்: கோப்பை எடிட் பண்ணி சேவ் பண்ணினாலும், அதன் கட்டளைத் திரையான பேர்ட்-சியில் போய் ‘கன்ஃபிகர்’ சொல்லாதவரை டீமன் பழைய கதையிலேயே இருக்கும். ஒன்றில் பழகிய கை இன்னொன்றில் தவறத்தான் செய்யும்.

எனக்கு ஒருமுறை நடந்தது இது. நண்பர் ஒருவர் அவசரத்தில் விடிஒய்ஷெல்லில் புது நெய்பர் (பிஜிபி பேசும் எதிர்முனை ரூட்டர்) ஒன்றைச் சேர்த்தார், செஷன் எழுந்தது, சேமிக்காமல் சாப்பிடப் போய்விட்டார். இரண்டு வாரம் கழித்து நான் கோப்பில் வேறு எதையோ திருத்திவிட்டு, ரீஸ்டார்ட் ஆபத்து, ரீலோட்தான் பத்திரம் என்று நம்பி சிஸ்டம்சிடிஎல்லில் ரீலோட் அடித்தேன். எஃப்ஆர்ஆரின் ரீலோட், ஓடுகிற கான்ஃபிக்கையும் கோப்பையும் ஒப்பிட்டு, கோப்பில் இல்லாததை எல்லாம் கழற்றி எறிந்துவிடும். அந்த நெய்பர் காணாமல் போனார், பத்து நிமிடத்தில் போன் வந்தது. இப்போதெல்லாம் ரீலோட் ஸ்கிரிப்டை முதலில் ‘டெஸ்ட்’ ஆப்ஷனோடு ஓட்டி, எந்த வரி போகும், எந்த வரி வரும் என்று பார்த்த பிறகுதான் மேலே கை வைப்பது.

மூன்றாவது இடமான கெர்னல் பேர்ட்காரர்களை அதிகம் படுத்தும். பேர்ட்-சியில் ‘ஷோ ரூட்’ அடித்தால் ரூட்டுகள் வரிசைகட்டி நிற்கும், வெளியே வந்து ‘ஐபி ரூட்’ பார்த்தால் ஒன்றும் இருக்காது. கெர்னல் புரோட்டோகால் பகுதியில் எக்ஸ்போர்ட்டை நீங்கள் எழுதாவிட்டால் அதன் இயல்பு ‘நன்’, அதாவது எதையும் கெர்னலுக்குத் தராது. அதே பகுதியில் ‘பெர்சிஸ்ட்’ போடாவிட்டால், பேர்டை நிறுத்தும்போது தான் போட்ட ரூட்டுகளைக் கையோடு எடுத்துக்கொண்டு போய்விடும். அப்புறம், எல்லா ரூட்டும் சரியாக இருந்தும் பாக்கெட் மட்டும் தாண்டவில்லை என்றால், வேறெங்கும் தேடாமல் முதலில் ஐபி ஃபார்வர்டிங் (வந்த பாக்கெட்டை அடுத்த இடத்துக்குக் கடத்தும் வசதி) கெர்னலின் அமைப்புகளைக் காட்டும் சிஸ்கன்ட்ரோலில் 1 ஆக இருக்கிறதா பாருங்கள்.

எஃப்ஆர்ஆர் 7.4க்குப் பிறகு வந்தவர்கள் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. செஷன் எழுந்துவிட்டது, ஆனால் பிஜிபி சம்மரியில் ரூட் எண்ணிக்கை வரவேண்டிய இடத்தில் அடைப்புக்குறிக்குள் ‘பாலிசி’ என்று நிற்கிறது. இது பிழையே இல்லை. வெளி நெட்வொர்க்கோடு பேசும்போது எதை வாங்குவது, எதைக் கொடுப்பது என்று எழுதாமல் எதுவும் நகரக் கூடாது என்று 2017இல் வந்த ஆர்எஃப்சி 8212 என்ற இணையத் தர ஆவணம் சொல்கிறது, அதைத்தான் டீமன் கடைப்பிடிக்கிறது. இணையத்தில் தேடினால் ‘நோ பிஜிபி ஈபிஜிபி ரிக்வயர்ஸ் பாலிசி’ என்று ஒரே வரியில் மருந்து கிடைக்கும், எண்ணிக்கையும் உடனே வந்துவிடும். லேபில் விளையாட அது போதும். நிஜ நெட்வொர்க்கில் அந்த வரியைப் போடுவது, கதவு திறக்கவில்லை என்று கதவையே கழற்றி வைப்பது மாதிரி. 2008 பிப்ரவரி 24 அன்று பாகிஸ்தான் டெலிகாம், யூடியூபை உள்நாட்டில் முடக்குவதற்காக 208.65.153.0/24 என்ற ரூட்டைப் போட்டது, அது வெளியே கசிந்தது, அதற்கு இணைய இணைப்பு கொடுத்த பிசிசிடபிள்யூ நிறுவனம் வடிகட்டாமல் உலகத்துக்கே கொடுத்துவிட்டது. யூடியூப் அறிவித்திருந்தது /22, அதைவிடக் குறைந்த முகவரிகளைக் குறிக்கும் /24க்குத்தான் எப்போதும் முன்னுரிமை, அதனால் சுமார் இரண்டு மணி நேரம் யூடியூப் தடுமாறியது. எந்த முகவரிகள் என்று சொல்ல ஒரு ப்ரீஃபிக்ஸ் லிஸ்ட், அவற்றை ஏற்பதா தடுப்பதா என்று சொல்ல ஒரு ரூட் மேப், மொத்தமே பத்து வரி, எழுதிவிடுங்கள்.

ஃபில்டரை மாற்றிவிட்டு ‘கிளியர்’ கொடுக்கும்போது நட்சத்திரக் குறி போட்டு என்டர் தட்டும் பழக்கமும் வேண்டாம், எல்லா செஷனும் ஒரே நேரத்தில் விழும். பின்னால் ‘சாஃப்ட்’ சேர்த்தால் செஷன் விழாது, ரூட்டுகள் மட்டும் மறுபடி அலசப்படும். ட்ரபிள்ஷூட் பண்ணும்போது போட்ட டீபக்கை அணைக்காமல் வீட்டுக்குப் போவதும் இதே ரகம்தான், காலையில் லாக் டிஸ்க்கை நிரப்பி வைத்திருக்கும்.

கடைசியாக, தொலைவிலிருந்து எஸ்எஸ்ஹெச் வழியாக சர்வருக்குள் போய், நாம் உட்கார்ந்திருக்கும் கிளையையே வெட்டுவது. பேர்டில் இதற்கு அழகான வழி இருக்கிறது: ‘கன்ஃபிகர் டைம்அவுட்’ கொடுத்தால், 300 விநாடிக்குள் நீங்கள் ‘கன்ஃபிகர் கன்ஃபர்ம்’ சொல்லாவிட்டால் பழைய கான்ஃபிகுக்கே திரும்பிவிடும். எஃப்ஆர்ஆரில் நான் செய்வது, இணைப்பு அறுந்தாலும் கட்டளையை ஓடவைத்திருக்கும் டிமக்ஸில் ஐந்து நிமிட ஸ்லீப், அது முடிந்ததும் ரீஸ்டார்ட் என்று ஒரு வரியை ஓடவிட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவது. எல்லாம் சரியாக இருந்தால் அதை நிறுத்திவிட்டு ‘ரைட் மெமரி’, அதற்கு முன்னால் சேமித்துவிட்டால் ரீஸ்டார்ட் காப்பாற்றாது, சேமித்த தப்பையே மறுபடி ஏற்றும். பேர்டிலும் ஒரு கொக்கி இருக்கிறது: டைம்அவுட்டில் பின்வாங்குவது டீமன் மட்டும்தான், கோப்பில் நீங்கள் எழுதிய தப்பு அப்படியே கிடக்கும், அடுத்து என்றைக்காவது கரண்ட் போய் சர்வர் எழும்போது அதைத்தான் படிக்கும். உள்ளே நுழைய முடிந்ததும் முதல் வேலையாக அந்தக் கோப்பைத் திருத்துங்கள்.