லேவியராகமத்தைப் பத்தொன்பதாம் அதிகாரத்திலிருந்து படிக்கும் முறை

வேதாகமத்தின் முதல் புத்தகமான ஆதியாகமம் கதையாக ஓடிவிடும். யாத்திராகமமும் செங்கடலைத் தாண்டும்வரை நம்மை இழுத்துக்கொண்டு போகும். மூன்றாம் புத்தகமான லேவியராகமமோ கொழுப்பு, குண்டிக்காய் (சிறுநீரகம்), பலிபீடத்தைச் சுற்றித் தெளிக்கும் இரத்தம் என்று தொடங்குகிறது. வேதாகமத்தை ஒரே வருஷத்தில் படித்து முடிக்க வேண்டும் என்று ஜனவரியில் உட்காருகிறவர்களில் நிறையப் பேர் இங்கே நின்றுவிடுகிறார்கள். சிலர் "இதெல்லாம் சிலுவையோடு முடிந்துவிட்டது" என்று சொல்லிக்கொண்டு எண்ணாகமத்துக்குத் தாண்டிப் போகிறார்கள். அப்போஸ்தலர்கள் அப்படி நினைக்கவில்லை. பேதுரு தன் முதல் நிருபத்தின் முதல் அதிகாரத்திலேயே, "நான் பரிசுத்தர், ஆகையால் நீங்களும் பரிசுத்தராயிருங்கள்" என்று லேவியராகமத்தைத்தான் எடுத்து எழுதுகிறார்.

வேலையில் இருந்த காலமெல்லாம் நான் கடைகளின் எடைக்கற்களையும் தராசுகளையும் சோதித்து முத்திரை வைத்தவள். ஓய்வுக்குப் பிறகு எங்கள் சி.எஸ்.ஐ. சபையில் பெரியவர்களுக்கு வேத வகுப்பு எடுக்கிறேன். லேவியராகமம் என்றால் 19-ஆம் அதிகாரத்தை முதலில் படிக்கச் சொல்வேன். 37 வசனங்கள்தான். ஒரே மூச்சில், வாய்விட்டுப் படியுங்கள். பக்கத்தில் ஒரு நோட்டு இருக்கட்டும். ஒவ்வொரு கட்டளைக்கும் அது வாழ்க்கையின் எந்த இடத்தைத் தொடுகிறது என்று ஒரே சொல்லில் எழுதுங்கள்: வீடு, வயல், சந்தை, நீதிமன்றம், ஆலயம், உடல்.

எழுதி முடித்ததும் பட்டியலைப் பாருங்கள். "பரிசுத்தராயிருங்கள்" என்ற கட்டளைக்கு அடுத்த வசனமே தாய்க்கும் தகப்பனுக்கும் பயந்திருக்கச் சொல்கிறது. அப்புறம் அறுவடையில் வயலின் ஓரத்தை முழுவதும் அறுக்காமல் எளியவனுக்கும் பரதேசிக்கும் (வேற்று நாட்டிலிருந்து வந்து தங்கியவனுக்கும்) விடுவது. கூலிக்காரனின் கூலியை விடியும்வரை வைத்திருக்கக் கூடாது. செவிடனைத் திட்டக் கூடாது, குருடன் வழியில் தடுக்கலை வைக்கக் கூடாது. நீதிமன்றத்தில் பெரியவனுக்கு மட்டுமல்ல, ஏழைக்கும் பாரபட்சம் காட்டக் கூடாது. உன்னில் நீ அன்புகூருவதுபோல் பிறனிலும் அன்புகூருவாயாக என்பது 18-ஆம் வசனம். இயேசு இரண்டாம் பெரிய கட்டளையாகச் சொன்னது இங்கேதான் இருக்கிறது. கடைசியில், 35-ஆம் 36-ஆம் வசனங்களில், சுமுத்திரையான, அதாவது சரியான, தராசும் நிறைகல்லும் மரக்காலும் படியும் வருகின்றன. இடையிடையே பத்து இடங்களுக்கு மேல் "நான் கர்த்தர்" என்ற கையெழுத்து விழுகிறது. பரிசுத்தம் என்றால் உபவாசம், வெள்ளுடை, தனியறை ஜெபம் என்றே கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தப் பட்டியல் கண்ணைத் திறக்கும்.

தராசைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். பழைய யூதா நாட்டு அகழாய்வுகளில், கி.மு. எட்டு, ஏழாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த சுண்ணாம்புக்கல் எடைக்கற்கள் நிறையக் கிடைத்திருக்கின்றன. அடி தட்டையாக, தலை உருண்டையாக இருக்கும். ஒரு சேக்கல் சுமார் 11.3 கிராம்; ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு என்று சேக்கல் அளவு மேலே பொறித்திருக்கும். அதாவது நாட்டில் எல்லாரும் ஒப்புக்கொண்ட அளவு இருந்தது. அளவு இருந்தால்தான் கள்ள அளவும் இருக்கும். பையில் பெரியதும் சிறியதுமாக இரண்டு வகைக் கல் வைத்திருக்காதே என்று உபாகமம் 25 சொல்வது வாங்க ஒன்று, விற்க ஒன்று வைத்திருந்த வியாபாரியை. தீர்க்கதரிசி ஆமோஸின் புத்தகத்தில் எட்டாம் அதிகாரத்தில் வருகிற வியாபாரிகள் ஓய்வுநாளில் கடையைத் திறக்கவில்லை, அந்தக் கட்டளையை ஒழுங்காகவே கைக்கொண்டார்கள். ஆனால் அது எப்போது முடியும், தானியம் அளக்கும் மரக்காலைக் குறைத்து, விலையாக வாங்கும் வெள்ளியை நிறுக்கும் சேக்கலை அதிகமாக்கி எப்போது விற்கலாம் என்று காத்திருந்தார்கள். ஓய்வுநாளும் தராசும் சேர்ந்தே வருகிற லேவியராகமம் 19-இலிருந்து ஓய்வுநாளை எடுத்துக்கொண்டு தராசை விட்டுவிட்டவர்கள். லேவியராகமத்தைப் பிய்த்துப் படிக்கிற எல்லாருக்கும் வருகிற ஆபத்து இது.

அடுத்தபடியாக 10-ஆம் அதிகாரம், 10-ஆம் வசனத்துக்குப் போங்கள். ஆசாரியன் இரண்டு வித்தியாசங்களைக் கண்டறிய வேண்டும்: பரிசுத்தமுள்ளது, பரிசுத்தமில்லாதது, தீட்டுள்ளது, தீட்டில்லாதது. நோட்டில் இதை இரண்டு தனிக் கோடுகளாக வரையுங்கள். பரிசுத்தமில்லாதது என்றால் கெட்டது அல்ல, சாதாரணமானது. வீட்டுப் பானை சாதாரணம், இஸ்ரவேலரின் ஆராதனைக் கூடாரமான ஆசரிப்புக் கூடாரத்தின் பாத்திரம் பரிசுத்தம். அதேபோல தீட்டு என்றால் பாவம் அல்ல. தகப்பன் செத்தால் மகன் அடக்கம்பண்ணியே ஆக வேண்டும். அப்படிச் செய்கிறவன் எண்ணாகமம் 19-ன்படி ஏழு நாள் தீட்டாயிருப்பான். கடமையைச் செய்தவனை நியாயப்பிரமாணம் (மோசேயின் சட்டம்) பாவி என்று சொல்லவில்லை. ஒரு பகுதி தீட்டைப் பற்றியதா, பாவத்தைப் பற்றியதா என்று தெரியவில்லையென்றால் ஒன்று கேளுங்கள்: இங்கே மனந்திரும்பச் சொல்கிறதா, குளித்துச் சாயங்காலம்வரை காத்திருக்கச் சொல்கிறதா?

இது பெண்களுக்கு ரொம்ப முக்கியம். மாதவிலக்கு நாளில் திருவிருந்துக்குப் போகலாமா என்று என்னிடம் தனியாக வந்து கேட்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 15-ஆம் அதிகாரத்தை அவர்களோடு உட்கார்ந்து படிப்பேன். வழக்கமான மாதவிலக்குக்கு அங்கே பலிகூடக் கேட்கப்படவில்லை, ஏழு நாள் போனால் சரி. ஆணின் விந்து கழிவதும் அதே அதிகாரத்தில் தீட்டுதான், அதை யாரும் சபையில் பேசுவதில்லை. பிரசவித்தவள் பாவநிவாரணபலி கொண்டுவர வேண்டும் என்று 12-ஆம் அதிகாரம் சொல்கிறதே, அப்படியானால் பாவம்தானே என்று கேட்டால், 8-ஆம் அதிகாரம் 15-ஆம் வசனத்தைத் திறங்கள். அங்கே பாவநிவாரணபலியின் இரத்தத்தால் மோசே பலிபீடத்தைச் சுத்திகரிக்கிறார். பலிபீடம் என்ன பாவம் செய்தது? அந்தப் பலியின் வேலையில் சுத்திகரிப்பும் உண்டு. மரியாளும் அதே சட்டப்படிதான், ஆட்டுக்குட்டிக்கு வசதியில்லாதவர்களுக்குச் சொன்ன இரண்டு பறவைகளோடு எருசலேமுக்குப் போனாள்.

ஆதிச் சபையிலும் இந்தக் கேள்வி எழுந்தது. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் பேராயர் தியோனீசியு அந்த நாட்களில் திருவிருந்துக்கு வரக் கூடாது என்றார். அதே நூற்றாண்டில் சிரியாவில் எழுதப்பட்ட ஒரு சபை ஒழுங்கு நூலோ, அந்த நாட்களில் ஜெபத்தையும் திருவிருந்தையும் விட்டு விலகி நின்ற பெண்களைப் பார்த்து, அப்படி விலகத் தேவையில்லை, ஞானஸ்நானத்தில் பெற்ற ஆவியானவர் உங்களைவிட்டுப் போய்விடவில்லை என்றது. போப் முதலாம் கிரகோரியும் தடுக்கக் கூடாது என்றே இங்கிலாந்துக்குப் பதில் எழுதியதாகப் பதிவு இருக்கிறது. நான் இந்தப் பக்கம்தான். பன்னிரண்டு வருஷம் உதிரப்போக்கால் தவித்தவள் தொட்டபோது இயேசு தீட்டுப்படவில்லை, அவள் சுகமானாள். "மகளே" என்று அவளைக் கூட்டத்தின் நடுவில் கூப்பிட்டார். மாற்கு ஐந்தாம் அதிகாரத்தை லேவியராகமம் 15-க்குப் பக்கத்தில் வைத்துப் படிக்காதவர்களுக்கு அந்த ஒரு சொல்லின் கனம் தெரியாது.

இப்போது புதிய ஏற்பாட்டுக்குக் கடந்துவரும் முறை. நியாயப்பிரமாணத்தை ஒழுக்கச் சட்டம், சடங்குச் சட்டம், நாட்டுச் சட்டம் என்று மூன்றாகப் பிரிப்பது பழைய வழக்கம். 13-ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் அதை விரிவாக எழுதினார், 1647-இன் வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையிலும் இருக்கிறது. உதவியான பிரிவுதான், ஆனால் 19-ஆம் அதிகாரத்தில் அதை வைத்து வெட்டிப் பாருங்கள். பிறனை நேசி என்பதற்கு அடுத்த வசனம் இருவகை நூல் கலந்த துணி உடுத்தாதே என்கிறது. வசனங்களுக்கு நடுவே கோடே இல்லை. அதனால் "இது நமக்கா, இல்லையா" என்று முதலிலேயே பிரிக்காதீர்கள். இந்தக் கட்டளை யாரைக் காக்கிறது, கர்த்தரைப் பற்றி என்ன காட்டுகிறது, கிறிஸ்துவும் அப்போஸ்தலரும் இதை என்ன செய்தார்கள் என்று மூன்று கேள்விகளை வரிசையாகக் கேளுங்கள்.

மூன்றாவது கேள்விக்கு வேதத்திலேயே நல்ல மாதிரி இருக்கிறது. தகப்பனுடைய மனைவியோடு வாழக் கூடாது என்று லேவியராகமம் 18 சொல்கிறது. 20-ஆம் அதிகாரம் அதற்கு மரண தண்டனை விதிக்கிறது. கொரிந்து சபையில் ஒருவன் அதையே செய்தான். பவுல் என்ன செய்தார்? அது பாவமே இல்லை என்று விடவில்லை. கல்லெறியவும் சொல்லவில்லை. சபையின் ஐக்கியத்திலிருந்து அவனை விலக்கச் சொன்னார், அவனுடைய ஆவி இரட்சிக்கப்பட வேண்டும் என்ற நோக்கத்தோடு. கட்டளை நின்றது, தண்டனை மாறியது. ஏனென்றால் சபை ஒரு நாடு அல்ல. தண்டனைச் சட்டங்களைப் படிக்கும்போதெல்லாம் 1 கொரிந்தியர் 5-ஐத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

சில மிருகங்களைச் சாப்பிடக் கூடாது என்ற உணவுச் சட்டம் வேறு விதம். யோப்பாவில் பேதுரு கண்ட தரிசனத்தில் கேள்வி இறைச்சியைப் பற்றியது போலத் தெரியும், ஆனால் புறஜாதியானான கொர்நேலியுவின் வீட்டுக்குள் அவரே அதை மனிதர்களைப் பற்றியதாகப் புரிந்துகொள்கிறார்: ஒரு மனுஷனையும் தீட்டுள்ளவன் என்று சொல்லக் கூடாது. அந்தச் சட்டம் இஸ்ரவேலைப் பிறரிடமிருந்து பிரித்துவைத்த வேலி. கிறிஸ்துவுக்குள் யூதனும் புறஜாதியானும் ஒரே பந்தியில் உட்கார வேண்டியிருந்தபோது வேலி எடுக்கப்பட்டது. சாதி பார்த்துப் பந்தியிலும் கல்லறையிலும் பிரித்து வைக்கிற கிறிஸ்தவர்களைப் பார்த்து நான் வேதனைப்படுவது இதனால்தான். பேதுரு கற்ற பாடத்தை அவர்கள் திருப்பிப் போடுகிறார்கள். எருசலேமில் கூடிய அப்போஸ்தலரும் மூப்பரும் புறஜாதி விசுவாசிகளிடம் கேட்ட நான்கு விஷயங்களை (அப்போஸ்தலர் 15), லேவியராகமம் 17, 18-இல் இஸ்ரவேலரோடு தங்கும் பரதேசிக்குச் சொன்னவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள், நெருக்கம் தெரியும்.

விளங்காத கட்டளைகளும் இருக்கும். கலப்புத் துணிக்கு நல்ல விளக்கம் ஒன்று உண்டு: பிரதான ஆசாரியனின் ஏபோத் என்ற மேலாடையில் பொன்னும் வண்ண நூலும் மெல்லிய பஞ்சுநூலும் கலந்திருந்தன, ஆகவே கலப்பு பரிசுத்த இடத்துக்கு உரியது, சாதாரண மக்களுக்கு அல்ல என்று பல ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். தாடி ஓரத்தைக் கத்தரிக்காதே, உடலில் கீறிக்கொள்ளாதே என்ற கட்டளைகள் செத்தவர்களுக்காகச் செய்த துக்கச் சடங்குகளோடு போகின்றன. இவற்றில் ரொம்ப நேரம் செலவழிக்காதீர்கள். தாடியைப் பற்றி ஒரு மணி நேரம் விவாதித்துவிட்டு கூலியைப் பற்றி ஐந்து நிமிஷம்கூடப் பேசாத வகுப்பு வீண். யாக்கோபு கூலியைத்தான் எடுத்துக்கொண்டார்: பிடித்து வைத்த கூலி கூக்குரலிடுகிறது என்கிறார் ஐந்தாம் அதிகாரத்தில்.

இதற்கெல்லாம் பிறகு 16-ஆம் அதிகாரத்தின் பாவநிவிர்த்தி நாளை, எபிரெயர் 9, 10 அதிகாரங்களோடு இரண்டு பத்தியாக எழுதிப் படியுங்கள். அப்போதுதான் முதல் ஏழு அதிகாரங்களின் பலிகளுக்குத் திரும்புங்கள். அதில் 6-ஆம் அதிகாரத்தின் முதல் ஏழு வசனங்களில் நிறுத்தி நிதானமாகப் போங்கள். ஒருவன் அடைக்கலமாகக் கொடுத்த பொருளை இல்லையென்று சாதித்திருந்தால், அல்லது கண்டெடுத்ததை மறைத்திருந்தால், முதலும் அதோடு ஐந்தில் ஒரு பங்கும் சொந்தக்காரனிடம் கொடுத்த பிறகே குற்றநிவாரணபலியோடு கர்த்தரிடம் வர வேண்டும். பலி திருப்பிக் கொடுப்பதற்கு மாற்று ஆகவில்லை.

எங்கள் வகுப்பில் இந்தப் பகுதி வரும்போது அந்த வாரம் வேறு எதுவும் படிப்பதில்லை. வீட்டுவேலை செய்கிறவருக்குப் பிடித்த சம்பளம், தங்கைக்கு எழுதாமல் வைத்திருக்கும் மனைப்பங்கு, கைமாற்றாக வாங்கித் திருப்பாத தொகை, எதுவானாலும் தனியாக எழுதி, மதிப்புப் போட்டு, ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக்கொள்ளச் சொல்வேன். யாரும் யாருக்கும் அதைக் காட்ட வேண்டியதில்லை. உரியவர் இறந்துபோயிருந்தால் எண்ணாகமம் 5-ஆம் அதிகாரம், 8-ஆம் வசனத்தைப் பாருங்கள்: நெருங்கிய உறவினருக்குச் சேர வேண்டும், அவரும் இல்லையென்றால் கர்த்தருக்கென்று ஆசாரியனிடம் போக வேண்டும். இன்று அப்படி ஒரு தொகை கையில் இருந்தால் ஆயரிடம் விஷயத்தைச் சொல்லி, சபையின் எளியோர் நிதியில் சேர்த்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.